பச்சை டிக் போட்ட என் படம்

ஆமாம் அக்கா, நான் அல்லேலூயாதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கமாட்டேன். காது, மூக்கு, கழுத்து, நெற்றி எல்லாம் காலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சுடிதார், மடியில் பைபிள், பெருமாநல்லூர் டவுன் பஸ். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். கேட்க வேண்டும் என்றுதானே இப்படி இருக்கிறோம்.

பின்னால் சத்தம் போடுகிறவர்களா? அவர்கள் என்னோடு வருகிறவர்கள். எங்கள் சபைக்குத்தான். இல்லை, இல்லை, அவர்கள் அல்லேலூயா இல்லை. திரும்பிப் பாருங்களேன், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு முழம் மல்லிகை, மூக்குத்தி, தோடு, பட்டு மாதிரி ஒரு சேலை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பினது போலக் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் சபையில் நகை போட்ட ஒருவர்கூட இல்லை அக்கா. மூக்குத்தி என்ற சொல்லே அங்கே பிரசங்கத்தில்தான் வரும். அங்கே இவர்களை அழைத்துக்கொண்டு போகிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. ஏன் சிரிப்பு வருகிறது என்றுதான் தெரியவில்லை.

சொல்கிறேன். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்து வீட்டில் வேதத்தைச் சத்தமாக வாசித்து வளர்ந்த வாய். என் பெயர் எப்சிபா. கம்பெனியில் எப்சி.

எங்கள் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, இந்த நாட்களில் கர்த்தர் எனக்கு என்ன செய்தார், உலகத்துக்கு நடுவில் நான் எப்படி வேறு பிரிந்து நின்றேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அருவியாகக் கொட்டும். ரூபன் என்று ஒரு பையன் இருக்கிறான். ஆயுத பூஜை அன்று லேத் மெஷினுக்குச் சந்தனம் வைக்கமாட்டேன் என்று சொன்னதற்கு அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அதை அவன் பலமுறை சாட்சி சொல்லிவிட்டான். ஒவ்வொரு முறையும் அந்த மெஷின் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகிறது. போன தடவை கிட்டத்தட்ட ரயில் என்ஜின் அளவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வருகிறது.

எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. என் கஷ்டமே அதுதான். அப்பா குடித்துத் திருந்தியவர் இல்லை. பேய் பிடித்து விடுதலையானவர்கள் வீட்டில் யாரும் இல்லை. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், சபையில் பாய் விரிப்பார். அம்மாவுக்கு டெய்லர் பக்கத்தில் துணி எடுத்து மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை. நான் பி.காம். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவள். வேலைக்குப் போனால் விசுவாசத்துக்காகப் பாடுகள் வரும், பாடுகள் வந்தால் சாட்சி வரும் என்று நம்பித்தான் வேலைக்கே போனேன்.

குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி. செக்கிங் செக்‌ஷனில் ரிப்போர்ட் எழுதுகிற வேலை. இண்டர்வியூவுக்கு முந்தின நாள், "ஏன் பொட்டு வைக்கவில்லை" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வசனத்தோடு. குரல் உடையாமல். யாரும் கேட்கவில்லை. "எக்செல் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, ஆயுத பூஜை வரட்டும் என்று இருந்தேன். நானும் ஒரு ரூபன் ஆகமாட்டேனா என்ன? படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்று எழுந்து சொல்ல வேண்டும், எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும். அந்த நாளும் வந்தது. அதோ அந்தப் பச்சைச் சேலை, ஜன்னலோரம், தெரிகிறதா? நாச்சியம்மாக்கா. எங்கள் டேபிளில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டுகிறவர். பூஜைக்கு முன்னாலேயே என்னிடம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா கண்ணு. பொரி, கடலை, நாட்டுச்சக்கரை. படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு எடுத்து வெச்சுட்டேன். உங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

நான் தயாராக வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லை. வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து தின்றேன். பாடு அனுபவிக்க வந்தவள் பொரி தின்றுகொண்டிருந்தேன் அக்கா. அதை எப்படிச் சாட்சியாகச் சொல்வது?

அப்புறமும் அப்படித்தான். சினிமாவுக்குக் கிளம்பினால், "எப்சி வரமாட்டா, அவளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கி வந்துரலாம்." யாருக்காவது வளைகாப்பு என்றால், "எப்சிக்குச் சந்தனம் வேண்டாம், வளையல் வேண்டாம், சோறு மட்டும் போடுங்க." என் விசுவாசத்துக்கு எதிரி ஒருவர்கூட அந்தக் கம்பெனியில் இல்லை. சபையில் என் முறை வரும்போதெல்லாம் எழுந்து, "காய்ச்சல் வந்தது, ஜெபித்தேன், சுகமானது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வாலிபர் தலைவர் தேவசித்தம் அண்ணன் ஒருநாள் கூப்பிட்டு, "எப்சிபா, உனக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, டாக்டரைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஊக்கு வந்தது.

எங்கள் கம்பெனியில் தைத்த துணி எல்லாம் பெட்டிக்குள் போகும் முன்னால் டிடெக்டர் என்று ஒரு மெஷினுக்குள் போகும். உடைந்த ஊசி ஏதாவது துணிக்குள் இருந்தால் கத்தும். ஒருநாள் ஒரு பாப்பா சட்டை போனது. மெஷின் கத்திற்று. பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் ஒரு சேஃப்டி பின். நீங்களும் மாட்டியிருப்பீர்கள் பாருங்கள், தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு. யாருடையதோ அதிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பச்சைக் குழந்தையின் சட்டை அக்கா. நல்லவேளை, மெஷின் பிடித்தது.

விதிகளைக் கவனிக்கிற கம்ப்ளையன்ஸ் ஆபீசர் தனபால் சார் அன்று முகம் வெளுத்துப்போனார். மறுநாளே சட்டம். செக்கிங், பேக்கிங் இரண்டு செக்‌ஷனிலும் உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாது. ஊக்கு, வளையல், தோடு, மூக்குத்தி, மெட்டி, எதுவும். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பூவில்கூடக் கம்பி இருக்கும் என்று பூவும் கூடாது.

சட்டம் போட்டால் மட்டும் போதாது, படம் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாசலில் இரண்டு பெரிய படம் மாட்டினார். ஒன்றில் நான். தலைக்கு மேல் பச்சை டிக். 'சரியான முறை' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் நாச்சியம்மாக்கா. சும்மா டீ குடித்துக்கொண்டு சிரித்த முகத்தை செல்போனில் எடுத்துப் பெரிதாக்கி, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியின் இரண்டு கோடும் சரியாக அவர் மூக்கில் வந்து சந்தித்தன. 'தவறான முறை.'

"சார், என் படம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீதாம்மா மாடல். நாலு வருஷமா நம்மகிட்ட துணி வாங்கற பையர் கேட்கறது இதைத்தான். நீ சும்மாவே அப்படி வந்து நிக்கிறே. உங்க சாமி நம்ம பையரை விட ஸ்ட்ரிக்டு."

மறுநாள் காலையில் நான் செக்‌ஷனுக்குள் நுழைந்தேன். என்ன சொல்வது அக்கா. வரிசை வரிசையாகப் பெண்கள். காதில் இல்லை, மூக்கில் இல்லை, கையில் இல்லை, தலையில் பூ இல்லை. எல்லோரும் குனிந்த தலை. நான் எங்கள் சபைக்குள்தான் நுழைந்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். "ஸ்தோத்திரம்" என்று சொல்லவே வாய் எடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கேண்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்களும் டிடெக்டருக்காகத்தான் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து போட்டதில்லை என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அந்த அக்காமாரை நினைத்துத்தான். வேறு எதற்கு?

மூக்குத்தியைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும் இல்லையா? உங்களுக்குத் தெரியும். அதற்காக எல்லோரும் விளக்குமாற்றுக் குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்து மூக்கிலும் காதிலும் செருகிக்கொண்டார்கள். டிடெக்டருக்குக் குச்சி தெரியாது. செக்‌ஷன் முழுக்க மூக்கில் குச்சியோடு பெண்கள். யாராவது தும்மினால் குச்சி பறக்கும். உடனே எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தரையில் தேடுவார்கள். சிரிக்காதீர்கள் அக்கா. நானும் சிரித்தேன், ஆனால் சிரித்தபோது நாச்சியம்மாக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் இல்லை. டீ நேரத்தில் எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறவர், தனக்கு மட்டும் வாங்கிக் குடித்தார். வாசலில் அந்தப் படத்தைத் தாண்டும்போது முந்தானையை இழுத்து மூக்கை மறைத்துக்கொண்டு போவார். தினமும். வேலைக்கு வருகிற ஒரு மனுஷி, தன் படத்துக்கு முன்னாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு. நான் இரண்டடி பின்னால் வருவேன், எனக்கு மேலே பச்சை டிக்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அக்கா, என் மேல் கோபமா?"

"உன் மேல எனக்கென்ன கோவம்," என்றார், கத்தரியை விட்டுத் தலை நிமிராமல். "நீ போடாம இருக்கறே, அது உன் சாமிக்கு. நான் எந்தச் சாமிக்குக் கழட்டுனேன்? நீ பி.காம் படிச்சவ, நீயே சொல்லு."

பி.காமில் அது இல்லை.

பிறகு பையரின் ஆள் வந்தார். பெங்களூரில் இருந்து ஒரு மேடம். தமிழ் நன்றாகப் பேசினார். வருவதற்கு முந்தின நாள் தனபால் சார் என்னைத் தனியாக அழைத்து, "மேடம் உன்னைத்தான் கேட்பாங்க. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை வேண்டாம். நீ நல்ல பிள்ளை" என்றார்.

நான் தலையாட்டினேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். கழுத்தைச் சும்மா கொஞ்சம் அசைத்திருப்பேன்.

மேடம் வந்தார். சார் அவரை வாசல் படத்துக்கு முன்னால் நிறுத்தினார், என்னைப் படத்துக்குக் கீழே நிறுத்தினார், படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அப்புறம் டேபிள் பக்கம் போனோம். மேடம் நாச்சியம்மாக்காவிடம் நின்றார். குனிந்து பார்த்தார்.

"இவங்க மூக்குல என்ன?"

"அது மெடிக்கல், மேடம்," என்றார் தனபால் சார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மேடம் அடுத்த டேபிளைப் பார்த்தார். அதற்கு அடுத்த டேபிளையும் பார்த்தார். "எல்லாருக்குமா?"

"சீசன், மேடம்."

அப்போது மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்ன அது?"

எனக்குள் என்ன ஓடிற்று தெரியுமா? இதற்கு ஏற்ற வசனம் எது என்று தேடினேன். எத்தனை வருடமாகத் தயார் செய்து வைத்தேன், ஒன்றுகூட வரவில்லை. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "விளக்குமாற்றுக் குச்சி, மேடம்."

செக்‌ஷன் முழுக்க என் பக்கம் திரும்பிற்று. பிறகு எங்கோ ஒரு மூலையில் யாரோ தும்மினார்கள். அவ்வளவுதான் அக்கா. ஒரு ஆள் சிரிக்க, பத்து ஆள் சிரிக்க, மேடமே வாயைப் பொத்திக்கொண்டார். தனபால் சார் மட்டும் சிரிக்கவில்லை. நாச்சியம்மாக்காவும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நான் மேடத்திடம் சொன்னேன்: "இவர்கள் சந்தோஷமாக இல்லை. ஊக்கு வேண்டாம், வளையல் வேண்டாம், அது நியாயம். குழந்தைக்குக் குத்தும். மூக்குத்தி திருகு வைத்தது, தானாக விழாது. வேண்டுமானால் மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளட்டும். தாலி ரவிக்கைக்குள் இருக்கட்டும். குச்சிதான் மேடம் விழுகிறது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இதையும் சொன்னேன்: "என் காதில் ஒன்றும் இல்லாதது கம்பெனிக்காக இல்லை. அது எங்கள் கர்த்தருக்காக. என் படத்தை எடுத்துவிடுங்கள். அந்த அக்கா படத்தை அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்."

சொல்லி முடிக்கும்வரை டேபிளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மேடம் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்திரி போதும் என்று. இப்போது எங்கள் செக்‌ஷனுக்கு நீங்கள் வந்து பார்க்க வேண்டும். எல்லா மூக்கிலும் வெள்ளைப் பிளாஸ்திரி. சண்டை போட்டு மூக்குடைந்து வந்த கூட்டம் மாதிரி இருக்கும். இரண்டு படமும் இறங்கிவிட்டன.

மேடம் கார் கேட்டைத் தாண்டினதும் தனபால் சார் என்னைக் கூப்பிட்டார். திட்டினார் பாருங்கள், அப்படித் திட்டினார். "உன்னை நல்ல பிள்ளைன்னு நினைச்சேன். உன்னைப் போய்ப் படமா மாட்டினேனே, என்னைச் சொல்லணும். நாளையிலேருந்து உனக்கு ஆபீஸ் சேர் கிடையாது. போய் டேபிளில் நின்னு பிசிறு வெட்டு." வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒரு மேலதிகாரி திட்டுகிறார். நான் காத்துக் காத்து இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா, அடக்கவே முடியவில்லை. சிரிப்பதைப் பார்த்து இன்னும் திட்டினார். அந்த டேபிளில் யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லவும் வேண்டுமா? முதல் நாள் டீ நேரத்தில் என் கையில் ஒரு கிளாஸ் வந்தது. "சீனி கம்மியா போடச் சொன்னேன்," என்றார் நாச்சியம்மாக்கா. அவ்வளவுதான் பேச்சு.

ஆக, எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் என்ன சாட்சி? சபையில் எழுந்து, "நான் மூக்குத்திக்காகப் பேசினேன், தாலிக்காகப் பேசினேன், கர்த்தர் ஜெயம் கொடுத்தார்" என்றா சொல்வது? நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "வேண்டாம் கண்ணு, காய்ச்சலையே சொல்லிவிடு" என்றார். பாஸ்டர் என்ன நினைப்பார், ஞானஸ்நானம் எடுத்த பெண் உலக ஆபரணத்துக்குப் பரிந்து பேசினாள் என்று ஆகிவிடாதா என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் காய்ச்சலைச் சொன்னால் அது பொய் அக்கா. எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

நேற்று மத்தியானம் டேபிளில் இதை உளறிவிட்டேன். நாச்சியம்மாக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

"யாரு உன்னைக் கேள்வி கேப்பாங்க? நாங்க வர்றம். எங்க பொண்ணு தப்புப் பண்ணலைன்னு சொல்றம்."

"அக்கா, அங்கே யாரும் திட்டமாட்டார்கள்."

"திட்டலைன்னா சந்தோசம். வந்து உக்காந்து கேட்டுட்டுப் போறம். காலைல எத்தனை மணிக்கு பஸ்சு?"

இதுதான் கதை. அப்பா முன்னாலேயே போய்ப் பாய் விரித்துக்கொண்டிருப்பார். இவர்கள் வருவதை அவரிடம் சொல்லவில்லை. எத்தனை பாய் கூடுதலாக வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இருங்கள் அக்கா. பின்னால் ஏன் திடீரென்று சத்தமே இல்லை? அடுத்த ஸ்டாப்தான் எங்களுடையது. நாச்சியம்மாக்கா, அங்கே என்ன செய்கிறீர்கள்? எல்லோரும் குனிந்துகொண்டு என்ன செய்கிறீர்கள்?

"மூக்குத்தியத்தான் கழட்டறம் கண்ணு. உங்க சாமி வீட்டுக்கு வர்றம், அங்க இதெல்லாம் ஆகாதில்ல. உனக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது. இந்தா, இதைப் பத்திரமா வெச்சுக்க."

பாருங்கள் அக்கா. கம்பெனியில் மனசே இல்லாமல் கழற்றியவர், இங்கே சிரித்துக்கொண்டே கழற்றிக் கையில் தருகிறார். பூவையும் எடுத்துவிட்டார்கள். இப்படியே இறங்கினால் சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பாவுக்கு நிம்மதி. பாஸ்டர் சந்தோஷப்படுவார். எனக்கும் எழுந்து நிற்கப் பயம் இருக்காது.

இல்லை அக்கா. வேண்டாம். நாச்சியம்மாக்கா, இங்கே வாருங்கள், குனியுங்கள். போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லோரும்தான். யாராவது கேட்டால் நான் சொல்கிறேன். அதைச் சொல்லத்தானே எழுந்து நிற்கப் போகிறேன். பூவையும் வையுங்கள்.

கொஞ்சம் உதவி செய்யுங்கள் அக்கா, நீங்கள் மூக்குத்தி போட்டிருக்கிறீர்களே. இந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? நான் ஒரு நகையைக் கையால் தொடுவதே இதுதான் முதல் தடவை. இப்படியா? இந்தப் பக்கமா? வலிக்கிறதா நாச்சியம்மாக்கா? வலித்தால் சொல்லுங்கள். பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் அண்ணா, விசில் அடிக்காதீர்கள். கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இன்னும் எட்டு மூக்கு இருக்கிறது.